மைனஸ் பதினெட்டுக்கு ஒரு கணக்கு: ஹீட் பம்ப் வாங்கும் முன்

டொராண்டோவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் சொந்த வீட்டில் குடியிருப்பவர்களிடம் ஹீட் பம்ப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "மைனஸ் இருபதில் அது வேலை செய்யுமா?" என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஜனவரி இரவில் ஃபர்னஸ் நின்றுபோனால் சில மணி நேரத்தில் வீடு என்ன ஆகும் என்பது இங்கே வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். கைக்குழந்தையும் வயதான பெற்றோரும் இருக்கிற வீட்டில் யாரும் அதைச் சோதித்துப் பார்க்க விரும்ப மாட்டார்கள். ஆனால் எந்த வீடு, எந்த அளவுக் கருவி, அது எப்படிப் பொருத்தப்பட்டது என்று தெரியாமல் இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல வழியில்லை. கேட்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள். வெளியே மைனஸ் 18 டிகிரி இருக்கும்போது என் வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது? அதே குளிரில் நான் வாங்கப்போகும் கருவி எவ்வளவு வெப்பத்தைத் தரும்? இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் மற்ற முடிவுகளை நிதானமாக எடுக்கலாம். இவை இல்லாமல் எவ்வளவு பேர்பெற்ற கம்பெனியின் கருவியை வாங்கினாலும் அது குத்துமதிப்புதான். ஹீட் பம்ப் கைவிட்டுவிட்டது என்று சொல்லப்படும் வீடுகளில் பெரும்பாலும் கைவிட்டது இந்தக் கணக்கு. அதை ஆதாரத்தோடு விளக்குவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

முதலில் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். காஸ் ஃபர்னஸ் எரிபொருளை எரித்து வெப்பத்தை உண்டாக்குகிறது. சுவரோரம் பொருத்தும் மின் ஹீட்டர் மின்சாரத்தை அப்படியே வெப்பமாக மாற்றுகிறது. ஹீட் பம்ப் வெளியே இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே கொண்டுவந்து விடுகிறது. கோடையில் வீட்டின் சூட்டை ஏசி வெளியே தள்ளுகிறதே, அதே சுற்றுதான் குளிர்காலத்தில் திசை மாறி ஓடுகிறது. உறைகுளிர்க் காற்றில் ஏது வெப்பம் என்று தோன்றலாம். இந்தக் கருவிகளில் இப்போது பயன்படும் ஆர்-32 என்ற குளிரூட்டி வாயு, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெளியே உள்ள சுருள்குழாயில் அதன் அழுத்தத்தைக் குறைத்து மைனஸ் முப்பதுக்குக் கொண்டுபோய்விட்டால், மைனஸ் இருபது காற்றுகூட அதற்குச் சூடான காற்றுதான். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு அது ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்திச் சூடேற்றுகிறது. உள்ளே இருக்கும் சுருளில் அது மறுபடி திரவமாகும்போது வெப்பத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. கிணற்றில் நீர் இறைப்பதைப் போல, நீர்மட்டம் கீழே போகப்போக அதே ஒரு குடத்துக்குக் கூடுதலாக உழைக்க வேண்டும். வெளியே 8 டிகிரி இருக்கும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை, நான்கு யூனிட் வெப்பம் தரும் நல்ல கருவி, மைனஸ் 15 டிகிரியில் இரண்டு யூனிட்டை ஒட்டித்தான் தரும். இந்த விகிதத்துக்குப் பெயர் சிஓபி. மின் ஹீட்டரின் சிஓபி எந்தக் குளிரிலும் 1. குளிர் ஏறும்போது ஹீட் பம்பில் இரண்டு குறைகின்றன: சிஓபி குறைகிறது, கருவி தரக்கூடிய மொத்த வெப்பமும் குறைகிறது. முதலாவது ஹைட்ரோ பில்லில் தெரியும். வீட்டைக் குளிர விடுவது இரண்டாவது. கருவியின் திறன் இறங்கும் அதே நேரத்தில் வீட்டின் தேவை ஏறுகிறது என்பதால், இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த பொருளும் அல்ல. சூரிச் நகர மன்றக் கட்டடத்தை 1938இலேயே லிம்மாட் ஆற்று நீரின் வெப்பத்தை எடுத்துச் சூடேற்றினார்கள். வட அமெரிக்காவில் 1970களிலும் 80களிலும் விற்ற காற்றுவழிக் கருவிகள் கெட்ட பெயர் வாங்கியதற்குக் காரணம் உண்டு. அவற்றின் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும், உறைநிலைக்குக் கீழே போனதும் திறன் சரியும், மீதியை மின் ஹீட்டர் தலையில் கட்டிவிடும். இன்றைய இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டும், குறைக்கும். குளிர்நாட்டு மாடல்களில் கம்ப்ரஸரின் நடுக்கட்டத்தில் கொஞ்சம் குளிரூட்டி ஆவியைச் செலுத்தும் ஏற்பாடும் இருப்பதால், கடுங்குளிரில் சரிவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமை 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி நார்வேயில் நூற்றுக்கு 60 வீடுகளிலும், ஸ்வீடனிலும் பின்லாந்திலும் நூற்றுக்கு 40க்கு மேற்பட்ட வீடுகளிலும் ஹீட் பம்ப் இருக்கிறது. ஐரோப்பாவின் மிகக் குளிர்ந்த நாடுகளே இதில் முன்னணியில் நிற்கின்றன. 2023இல் ஜூல் என்ற ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, மக்கள் குடியிருக்கும் வீடுகளில் அளந்த தரவுகளைத் தொகுத்துப் பார்த்தது. 5 டிகிரிக்கும் மைனஸ் 10க்கும் இடையே கருவிகள் சராசரியாக 2க்கு மேல் சிஓபி தருவதாகவும், குளிர்நாட்டு மாடல்கள் மைனஸ் 30ஐ நெருங்கும்போதும் ஒன்றரைக்குக் குறையாமல் தருவதாகவும் அது காட்டியது. கனடாவை ஒட்டிய அமெரிக்க மாநிலமான மெய்ன், 2025க்குள் ஒரு லட்சம் ஹீட் பம்ப் என்று இலக்கு வைத்து 2023இலேயே அதை எட்டிவிட்டது. அங்கே குளிர்காலம் டொராண்டோவைவிடக் கடுமையானது.

நார்வேயைச் சொன்னதும் ஒரு மறுப்பு எழும். அங்கே அணை மின்சாரம் தாராளம், வீடுகள் முன்பிருந்தே மின் ஹீட்டரில் ஓடியவை, 2020 முதல் வீட்டைச் சூடேற்ற எண்ணெய் எரிப்பதற்குத் தடையும் வந்துவிட்டது. குழாய்வழி காஸ் மலிவாகக் கிடைக்கும் ஒன்டாரியோவோடு அதை எப்படி ஒப்பிடுவது? மறுப்பு சரியானது, அதை மழுப்பக் கூடாது. நார்வேயும் பின்லாந்தும் நிரூபிப்பது கருவியின் திறனை மட்டுமே: குளிரில் அது வீட்டைச் சூடாக வைத்திருக்கும். உங்கள் பில் குறையும் என்பதை அவை நிரூபிக்கவில்லை. மின் ஹீட்டரிலிருந்து மாறும் கியூபெக் வீட்டுக்கும், எண்ணெய் ஃபர்னஸிலிருந்து மாறும் நோவா ஸ்கோஷியா வீட்டுக்கும், காஸிலிருந்து மாறும் மார்க்கம் வீட்டுக்கும் லாபக் கணக்கு வேறுவேறு. வேலை செய்யுமா என்பதும் லாபமா என்பதும் தனித்தனிக் கேள்விகள். இவை இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விஷயத்தில் பேச்சு முட்டுச்சந்தில் போய் நிற்கிறது.

இனி வீட்டின் எண்ணுக்கு வருவோம். ஒன்டாரியோ கட்டட விதிகள் டொராண்டோவுக்குக் கணக்கிட வேண்டிய ஜனவரிக் குளிராக மைனஸ் 18ஐயும், ஒட்டாவாவுக்கு மைனஸ் 25ஐயும் வைத்திருக்கின்றன. அதற்குக் கீழே போகும் மணிநேரங்கள் ஒரு குளிர்காலத்தில் கொஞ்சம்தான். வீட்டின் வெப்ப இழப்பை முறையாகக் கணக்கிட சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற கனடியத் தரமுறை இருக்கிறது. சுவர், ஜன்னல், கூரை, காற்றுக் கசிவு எல்லாவற்றையும் அளந்து போடும் கணக்கு அது. விலை சொல்ல வரும் கான்ட்ராக்டரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன்பே, காஸ் பில்லை வைத்து நீங்களே ஒரு சரிபார்ப்புக் கணக்கைப் போட்டுவிடலாம். ஓர் ஆண்டில் 2,400 கன மீட்டர் காஸ் செலவான வீட்டை எடுத்துக்கொள்வோம். கோடை மாதங்களில் சுடுநீருக்கும் சமையலுக்கும் மாதம் 33 கன மீட்டர் ஆகிறது என்றால், ஆண்டுக்கு அது ஏறக்குறைய 400. மீதி 2,000 கன மீட்டர் வீட்டைச் சூடேற்றியது. ஒரு கன மீட்டர் காஸில் சுமார் 10.4 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. ஃபர்னஸின் திறன் 95 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வந்தது சுமார் 19,760 கிலோவாட் மணி. டொராண்டோவில் ஒவ்வொரு நாளும் வெளிவெப்பம் 18 டிகிரிக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறது என்பதை ஆண்டு முழுவதும் கூட்டினால் 3,520 டிகிரி நாட்கள் வரும். அதை 24ஆல் பெருக்கி, வெப்பத்தை அதனால் வகுத்தால், வெளியே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் இந்த வீடு 0.234 கிலோவாட் கூடுதலாக இழக்கிறது என்று தெரிகிறது. 18க்கும் மைனஸ் 18க்கும் இடையே 36 டிகிரி. ஆக இழப்பு 8.4 கிலோவாட். ஃபர்னஸ்காரர்களின் மொழியில் மணிக்குச் சுமார் 28,700 பிடியூ. இதே வீட்டின் பேஸ்மென்ட்டில் 60,000, 80,000 பிடியூ என்று எழுதிய ஃபர்னஸ் நின்றுகொண்டிருப்பது மிகச் சாதாரணம். பழைய ஃபர்னஸின் அளவைப் பார்த்து ஹீட் பம்பின் அளவை முடிவு செய்பவர் தேவையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகக் கணக்குப் போடுகிறார். பிறகு அவரே ஹீட் பம்பால் இந்த வீட்டைத் தாங்க முடியாது என்றும் சொல்லிவிடுகிறார். இத்தனை சதுர அடிக்கு இத்தனை டன் என்ற வாய்ப்பாடும் இதே ரகம். ஒரே தெருவில் 1960களில் கட்டிய வீடும் பத்தாண்டுக்கு முன் கட்டிய வீடும் ஒரே சதுர அடியாக இருக்கலாம், இழப்பு ஒன்றாக இருக்காது. பில் கணக்கிலும் பிழைக்கு இடமுண்டு: குளிர்காலத்தில் இரண்டு மாதம் ஊருக்குப் போயிருந்தால் எண் குறைந்து காட்டும், பேஸ்மென்ட்டில் புதிதாக வாடகைக்கு ஆள் வந்திருந்தால் கூடிக் காட்டும். அதனால்தான் இதைச் சரிபார்ப்பு என்கிறேன். எஃப்280 கணக்கும் இதுவும் வெகுவாக முரண்பட்டால், ஏன் என்று கேட்டு விளக்கம் வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

கருவியின் எண்ணில்தான் விற்பனைத் தாள்கள் அதிகம் ஏமாற்றுகின்றன. 3 டன் என்று எழுதியிருப்பது மணிக்கு 36,000 பிடியூ, அதாவது சுமார் 10.5 கிலோவாட். 8.4 தேவைப்படும் வீட்டுக்கு அது தாராளம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பெயரளவு எண் 8 டிகிரி போன்ற இதமான வெளிவெப்பத்துக்கு உரியது. குளிர்நாட்டுக் கருவி என்று எனர்ஜி ஸ்டார் முத்திரை பெற, மைனஸ் 15இல் அந்தத் திறனில் 70 சதவீதத்தைத் தந்தால் போதும்; அந்தக் குளிரில் சிஓபி 1.75க்குக் குறையவும் கூடாது. 10.5இல் 70 சதவீதம் 7.4 கிலோவாட். நம் உதாரண வீடு மைனஸ் 15இல் 7.7 கிலோவாட் இழக்கும். எனவே மைனஸ் 14 அளவில் இரண்டும் சமமாகி, அதற்குக் கீழே கொஞ்சம் பற்றாக்குறை தொடங்கும். மைனஸ் 18இல் அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவாட். ஓர் அறை ஹீட்டரின் அளவுதான். மைனஸ் 15 வரை முழுத் திறனையும் விடாமல் பிடித்திருக்கும் மாடல்களும் உண்டு. ஆகவே டன் கணக்கை ஒதுக்கிவிட்டு, தயாரிப்பாளரின் விரிவான திறன் அட்டவணையில் மைனஸ் 15, மைனஸ் 20 ஆகியவற்றுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதோடு, பலரும் கேட்க மறக்கும் எண் ஒன்று இருக்கிறது: இதமான குளிரில் கருவி எவ்வளவு குறைவாக ஓட முடியும்? வெளியே 5 டிகிரி இருக்கும்போது நம் வீட்டின் தேவை வெறும் 3 கிலோவாட். கருவியின் குறைந்தபட்சத் திறனே 4 கிலோவாட் என்றால் அது ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்வெர்ட்டருக்குக் கொடுத்த காசு வீண், கம்ப்ரஸருக்கும் தேய்மானம். டொராண்டோவில் ஜனவரியின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 4 அளவில்தான் இருக்கிறது. சூடேற்றும் மணிநேரங்களில் பெரும்பகுதி மைனஸ் 5க்கும் 10க்கும் இடையே கழிகிறது. கடுங்குளிருக்குப் பயந்து மிகப் பெரிய கருவியை வாங்குபவர், ஆண்டின் பெரும்பாலான நாட்களில் தவறான அளவோடு வாழ்கிறார்.

வீட்டின் எண்ணைக் குறைக்கவும் முடியும், அதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் கருவியின் விலையைவிடக் குறைவு. அட்டிக்கில் காப்புப்பொருளை இன்றைய விதியான ஆர்-60 என்ற வெப்பத்தடை அளவுக்கு நிரப்புவது, பேஸ்மென்ட் சுவரும் தரைச் சட்டமும் சேரும் விளிம்பை அடைப்பது, அட்டிக் வாயிலுக்கும் மின்குழாய்த் துளைகளுக்கும் காற்றடைப்புப் போடுவது ஆகிய மூன்றும் முதலில் செய்ய வேண்டியவை. கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுத்துக் கசிவை அளக்கும் சோதனையைச் செய்தால் எங்கே அடைப்பது என்று துல்லியமாகத் தெரியும். சுவருக்குள் காப்புப் போடுவதும் ஜன்னல்களை மாற்றுவதும் பெரிய செலவு. வேறு காரணத்துக்காகச் சுவரைப் பிரிக்கும்போது செய்துகொள்ளலாம். காப்பெல்லாம் முடிந்த பிறகுதான் ஹீட் பம்ப் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அட்டிக்கும் அடைப்பும் முடிந்ததும் மறுபடி கணக்குப் போட்டு, வரும் எண்ணுக்கு ஏற்ற கருவியை வாங்கலாம்.

பற்றாக்குறை நாட்களுக்குத் துணை வெப்பம் எது என்பது அடுத்த முடிவு. டக்ட்டுக்குள் மின் ஹீட்டர் வைக்கலாம், அல்லது இருக்கும் காஸ் ஃபர்னஸையே துணையாக விட்டுவைக்கலாம். மின் ஹீட்டர் என்றால் பேனலைப் பார்க்க வேண்டும். 10 கிலோவாட் ஹீட்டர் 240 வோல்ட்டில் 42 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர் பேனலில் மின் அடுப்பு, டிரையர், கார் சார்ஜர் எல்லாம் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தால் இடம் போதாது. 200 ஆம்பியருக்கு மாற்றும் செலவு தனியாக வரும். நம் உதாரண வீட்டின் பற்றாக்குறை ஒன்றரைக் கிலோவாட்தான் என்பதால் 5 கிலோவாட் ஹீட்டர் போதும், அது 21 ஆம்பியர். கணக்குப் போடாமல் பெரிய ஹீட்டரை எழுதிக்கொடுத்து, அதற்காகப் பேனலையும் மாற்றச் சொல்லும் விலைப்பட்டியலை இப்படித்தான் அடையாளம் காண முடியும். காஸ் ஃபர்னஸைத் துணையாக வைத்தால், எந்த வெளிவெப்பத்தில் ஹீட் பம்ப் நின்று காஸ் தொடங்க வேண்டும் என்று தெர்மோஸ்டாட்டில் ஓர் எண் வைப்பார்கள். அந்த எண்ணைப் பாதுகாப்புக்கு என்று 0 டிகிரியில் வைத்துவிட்டுப் போய்விட்டால் குளிர்காலத்தின் பெரும்பகுதி வேலையைக் காஸே செய்யும், வீட்டுக்காரர் ஹீட் பம்ப் வாங்கியும் மாற்றம் தெரியவில்லை என்பார். வீடு குளிராமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் நோக்கம் என்றால் நம் வீட்டுக்கு அந்த எண் மைனஸ் 14. பில்லும் குறைய வேண்டும் என்றால் அடுத்த கணக்கு தேவை.

காஸில் ஒரு கிலோவாட் மணி வெப்பத்தின் விலையைக் கண்டுபிடிக்க, கன மீட்டரின் மொத்த விலையை 9.9ஆல் (10.4இல் 95 சதவீதம்) வகுக்க வேண்டும். மின்சாரத்தின் யூனிட் விலையை அந்த விடையால் வகுத்தால், ஹீட் பம்ப் எந்த சிஓபிக்கு மேல் லாபம் என்று தெரிந்துவிடும். உதாரணத்துக்குக் காஸ் 40 சென்ட், மின்சாரம் எல்லாக் கட்டணமும் சேர்த்து 13 சென்ட் என்று வைத்தால் விடை 3.2. டொராண்டோவில் நன்றாகப் பொருத்திய குளிர்நாட்டுக் கருவியின் குளிர்காலச் சராசரி இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே இந்த விலைகளில் காஸ் வீட்டுக்காரருக்குப் பில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். 2025 ஏப்ரலில் நுகர்வோர் கார்பன் கட்டணம் நீங்கியபின் காஸ் மேலும் மலிவாகியிருக்கிறது. இதை மறைத்து விற்பவரை நம்ப வேண்டாம். ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை. ஒன்டாரியோவில் 2023 முதல் இருக்கும் இரவுநேரக் குறைந்த கட்டணத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை மின்சாரம் மிக மலிவு. குளிர் அதிகமாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். அதே திட்டத்தில் வாரநாள் மாலை 4 முதல் 9 வரை விலை உச்சத்துக்குப் போகும், அந்த ஐந்து மணி நேரத்தைக் காஸுக்கு விட்டுவிடலாம். காஸே வேண்டாம் என்று துணை வெப்பத்தையும் சுடுநீரையும் அடுப்பையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டால் காஸ் கம்பெனியின் மாத நிலைக்கட்டணமே இல்லாமல் போகும். எண்ணெயில் ஓடும் வீட்டுக்கு இந்தத் தயக்கம் எதுவும் தேவையில்லை. லிட்டர் ஒன்றரை டாலர் என்றால் பழைய ஃபர்னஸில் ஒரு கிலோவாட் மணி வெப்பத்துக்குப் பதினேழு சென்ட் ஆகும், ஹீட் பம்பில் சிஓபி இரண்டரை என்று வைத்தாலும் ஐந்தேகால் சென்ட்தான். மின் ஹீட்டர் வீட்டுக்கும் செலவு பாதிக்குக் கீழே வந்துவிடும்.

பொருத்திய முதல் வாரத்தில் வரும் முறைப்பாடு, காற்று வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்பது. ஃபர்னஸ் காற்று 50, 60 டிகிரியில் வரும். ஹீட் பம்பின் காற்று 35, 40 டிகிரி. நம் தோலின் மேற்பரப்பே 33 டிகிரியை ஒட்டி இருப்பதால் கையை நீட்டினால் சூடாகத் தெரியாது. குறைந்த சூட்டில் நெடுநேரம் ஓடி வீட்டை ஒரே சீராக வைத்திருப்பதே அதன் முறை. அதனால் இரவில் ஐந்து டிகிரி குறைத்துக் காலையில் ஏற்றும் ஃபர்னஸ் காலத்துப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். காலையில் ஒரேயடியாக ஏற்றச் சொன்னால் தெர்மோஸ்டாட் துணை ஹீட்டரைக் கூப்பிடும், மிச்சம் பிடித்தது அந்த ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஒன்றிரண்டு டிகிரி குறைப்பதில் தவறில்லை. டக்ட் போதுமா என்பதும் நியாயமான கேள்வி. ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 350 முதல் 400 கன அடிக் காற்று ஓட வேண்டும். இதே டக்ட்டில் 3 டன் ஏசி ஓடி மாடி அறைகள் வரை நன்றாகக் குளிர்ந்திருந்தால் 3 டன் ஹீட் பம்பும் ஓடும். மாடி எப்போதும் புழுக்கமாகவே இருந்தது என்றால் குறையை இப்போதே சரிசெய்ய வேண்டும். அறைக் காற்றுவாய்களை மூடிவைப்பதும், அடைத்துப்போன ஃபில்டரும் இந்தக் கருவிக்கு ஃபர்னஸைவிட அதிகக் கெடுதல். தினமும் தாளிப்பும் பொரியலும் நடக்கிற சமையலறைக்குப் பக்கத்தில் டக்ட் இல்லாத சுவர்ப்பெட்டி வகையைப் பொருத்தினால் எண்ணெய்ப் புகை அதன் ஃபில்டரில் படியும்; கொஞ்சம் தள்ளி வைத்து, அடிக்கடி கழுவ வேண்டும்.

வெளிப்பெட்டியைப் பனி மூடாத உயரத்தில், தரையிலிருந்து முப்பது நாற்பது சென்டிமீட்டராவது மேலே, தாங்கியில் நிறுத்த வேண்டும். கூரை நீர் சொட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. அதன் சுருளில் உறைபனி படிவது 0 டிகிரியை ஒட்டிய ஈரமான நாட்களில்தான் அதிகம். மைனஸ் 15இல் காற்று வறண்டிருப்பதால் குறைவு. படிந்த பனியை உருக்கக் கருவி சில நிமிடம் திசை மாறி ஓடும், ஆவி கிளம்பும், தண்ணீர் வழியும். ஆவியைப் பார்த்துப் பழுது என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் நடைபாதையில் ஓடி உறைந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே வடிகாலை யோசித்துவிடுங்கள்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற பயம் 1998 பனிமழையையும், டொராண்டோவில் மூன்று லட்சம் இணைப்புகளை இருளில் தள்ளிய 2013 டிசம்பரையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இருக்கவே செய்யும். காஸ் ஃபர்னஸின் விசிறியும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அந்த நாட்களில் காஸ் வீடுகளும் குளிர்ந்துதான் கிடந்தன. வித்தியாசம் ஜெனரேட்டரில் இருக்கிறது: ஃபர்னஸ் விசிறிக்குச் சிறியது போதும், ஹீட் பம்புக்குப் பெரியது வேண்டும். வயதானவர்கள் இருக்கிற வீட்டில், காஸைத் துணையாக வைத்துக்கொள்ள இதுவே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

புவிச்சூட்டைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒன்டாரியோ நல்ல இடம். நிலக்கரி மின்நிலையங்களை 2014இலேயே மூடிவிட்ட மாகாணம் இது. 2,000 கன மீட்டர் காஸ் எரித்தால் சுமார் 3.8 டன் கரியமில வாயு வெளியேறும். அதே வெப்பத்தை ஹீட் பம்பில் எடுத்தால், மேலே சொன்ன குளிர்காலச் சராசரி சிஓபியில், சுமார் 7,300 யூனிட் மின்சாரம் ஆகும். ஒரு யூனிட்டுக்கு 100 கிராம் என்று தாராளமாக வைத்தாலும் முக்கால் டன்தான் வரும். இந்த ஆதாயத்தைக் கெடுக்கக்கூடியது குளிரூட்டிக் கசிவு. பழைய ஆர்-410ஏ வாயு கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு சூடேற்றுவது. மூன்று கிலோ கசிந்தால் ஆறு டன்னுக்குச் சமம். ஆர்-32க்கு அந்த எண் 675, ஆர்-454பி வகைக்கு 466. புதிய வகையையே கேளுங்கள். குழாய் இணைத்தபின் நைட்ரஜன் நிரப்பி அழுத்தச் சோதனை செய்தார்களா, வெற்றிடம் எடுத்தார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அந்த இரண்டு வேலைகளில் அவசரப்படுபவர் உங்கள் கம்ப்ரஸரின் ஆயுளையும் சேர்த்தே குறைக்கிறார்.

வினிப்பெக்கில் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அங்கே கணக்கிட வேண்டிய குளிர் மைனஸ் 33, ஜனவரிச் சராசரியே மைனஸ் 16. காற்றுவழிக் கருவி அங்கே தனியாக நிற்க முடியாது, முழு அளவுத் துணை வெப்பம் வேண்டும். அல்லது நிலத்துக்குள் குழாய் இறக்கும் வகைக்குப் போக வேண்டும். ஆழத்தில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாததால் அதன் சிஓபி கடுங்குளிரிலும் அவ்வளவாக இறங்குவதில்லை. துளையிடும் செலவுதான் தடை.

கடைசியாக ஒப்பந்தம். வீட்டு வாசலுக்கு வந்து ஃபர்னஸ், ஏசி போன்றவற்றை விற்பதை ஒன்டாரியோ 2018 மார்ச் முதல் தடை செய்திருக்கிறது. வாடகைக் கருவிகளுக்காக வீட்டுப் பத்திரத்தின்மேல் பதிவு போடும் வழக்கத்துக்கும் 2024 ஜூனில் முடிவு கட்டியது. வாசலில் நின்று அரசுத் திட்டம் என்று சொல்பவரிடம், அவர் எவ்வளவு அழகாகத் தமிழ் பேசினாலும், கையெழுத்துப் போடாதீர்கள். பத்தாண்டு வாடகையாகக் கட்டும் தொகை, கருவியைச் சொந்தமாக வாங்கும் விலையைவிடப் பல ஆயிரம் கூடுதலாகப் போய்விடும். வாங்க நல்ல நேரம் பழைய ஏசி ஓயும்போதுதான். எப்படியும் ஒரு வெளிப்பெட்டி வாங்கத்தான் போகிறீர்கள், குளிரூட்டவும் சூடேற்றவும் ஒரே கருவி என்பதால் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது விலை வித்தியாசம் மட்டுமே. ஜனவரியில் ஃபர்னஸ் நின்றுபோன பிறகு வாங்குபவருக்குக் கணக்குப் போட நேரம் இருக்காது, அன்று கிடைப்பதைத்தான் வாங்குவார். இந்தக் குளிர்காலத்தின் காஸ் பில்களை எடுத்துவைத்து ஏப்ரலில் கணக்கை முடித்தால், மே மாதத்தில் மூன்று பேரிடம் விலை கேட்டு, கோடையில் பொருத்தி, அக்டோபர் குளிரில் சோதித்துக் குறைகளைச் சரிசெய்ய நேரம் இருக்கும்.